காலை ஆறு மணிக்கு ஒரு தடவை, மதியம் ஒரு மணிக்கு ஒரு தடவை: 5 லட்சத்தில் பழைய காம்பாக்ட் எஸ்.யூ.வி.

தம்பி, உங்கள் கேள்வியை என் வார்த்தையில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா பாருங்கள். உசிலம்பட்டியில் வீடு. ஊருக்கு வெளியே 3 கிலோமீட்டரில் தோட்டம், அதில் கடைசி அரை கிலோமீட்டர் கரிசல் பாதை. அம்மாவுக்கு முட்டி வலி, தாழ்வான காரில் ஏறி இறங்க முடியவில்லை. கையில் 5 லட்சம். 2013 டஸ்டர் டீசல் ஒன்று, 2016 ஈகோஸ்போர்ட் டீசல் ஒன்று, 2017 விட்டாரா பிரெஸ்ஸா டீசல் ஒன்று பார்த்து வைத்திருக்கிறீர்கள். மாதம் 700 கிலோமீட்டர் ஓடும், பெரும்பாலும் குட்டிக் குட்டி ஓட்டம். சின்ன வேலைகளை வீட்டிலேயே பார்த்துக்கொள்ள ஆசை. எதை வாங்கலாம் என்று கேட்கிறீர்கள்.

மூன்றில் எதுவானாலும் 4 லட்சத்துக்கு மேல் போகாதீர்கள். மீதி ஒரு லட்சமும் வண்டிக்குத்தான், ஆனால் வாங்கிய பிறகு. பழைய வண்டி வாங்குகிறவர்கள் பாதிப் பேர் கையில் இருப்பதை மொத்தமாக விற்பவரிடம் கொடுத்துவிட்டு, அடுத்த மாதமே டயருக்குக் கடன் கேட்டு நிற்கிறார்கள். இந்த அளவு வண்டிக்கு நான்கு டயர் மாற்றினாலே 25,000, 30,000 ஆகும். பேட்டரி, எண்ணெய் வகைகள், பெல்ட் செட், இன்சூரன்ஸ் எல்லாம் அதற்கு மேல்.

என்னைப் பற்றி ஒரு வரி. பாலிடெக்னிக்கில் 20 வருஷம் ஆட்டோமொபைல் பாடம் எடுத்தவன். திருநகரில் என் வீட்டு வாசலில் ஒரு பழைய டஸ்டர் நிற்கிறது, 7 வருஷமாக என் கையில். அதனால் டஸ்டர் மேல் எனக்குக் கொஞ்சம் பாசம் உண்டு. அதைக் கழித்துவிட்டுப் படியுங்கள்.

முதலில் டீசலா பெட்ரோலா என்பது. நீங்கள் பார்த்த மூன்றுமே டீசல், அதனால் கேட்கிறேன். டீசல் லிட்டர் 92 ரூபாய், பெட்ரோல் 101 என்று வைத்துக்கொள்வோம். டீசல் வண்டி 18 கொடுக்கும், பெட்ரோல் 13 கொடுக்கும் என்றும் வைத்துக்கொள்வோம். 700 கிலோமீட்டருக்கு டீசலில் சுமார் 3,600, பெட்ரோலில் சுமார் 5,400. மாதம் 1,800 மிச்சம், வருஷத்துக்கு 21,000 சொச்சம். நல்ல தொகைதான். ஆனால் இன்ஜெக்டரோ டர்போவோ ஒருமுறை கைவைத்தால் இரண்டு வருஷ மிச்சம் ஒரே பில்லில் போய்விடும். தினமும் 4 கிலோமீட்டர் ஓடி, எஞ்சின் சூடாகும் முன்பே நிறுத்தினால், புகையில் கொஞ்சத்தை எஞ்சினுக்கே திருப்பி விடும் இ.ஜி.ஆர். வால்வில் டீசலுக்குக் கரி சேரும். ஒரு நிம்மதி, 2020 ஏப்ரலுக்கு முந்தைய, பி.எஸ்.4 என்ற பழைய புகை விதிப்படி செய்த வண்டியாக வாங்கினால் டி.பி.எஃப். என்ற கரி வடிகட்டித் தொல்லை இந்த மூன்றிலும் இல்லை. அதற்குப் பிந்தைய டீசலை இந்த மாதிரிக் குட்டி ஓட்டத்துக்கு நான் சொல்லவே மாட்டேன். உங்களுக்கு டீசல் சரிதான், வாரம் ஒருமுறை தேனி ரோட்டில் முக்கால் மணி நேரம் நன்றாக விரட்டி ஓட்டுவதாக இருந்தால்.

பெட்ரோல் பக்கம் போனால் எத்தனால் விஷயம் ஒன்று. 2023 ஏப்ரலுக்கு முன் வந்த வண்டிகள் பெரும்பாலும் 10 சதவீத எத்தனாலை மனதில் வைத்துச் செய்தவை. இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் கலந்தது. வண்டி நாளைக்கே நின்றுவிடாது, மைலேஜ் கொஞ்சம் குறையும். பழைய ரப்பர் ஹோஸ், கேஸ்கெட் எல்லாவற்றையும் வருஷம் ஒருமுறை கையால் தடவிப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

இனி வண்டிகள். டஸ்டர் 2012இல் வந்தது, சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்தில் செய்தது. 205 மில்லிமீட்டர் தரை இடைவெளி, குழியில் இறங்கினால் வலிக்காத சஸ்பென்ஷன். உங்கள் கரிசல் பாதைக்கு மூன்றில் இதுதான் ராஜா. 85, 110 என்று இரண்டு குதிரைத் திறனில் ஒரே 1.5 லிட்டர் டீசல் எஞ்சின். அதில் வால்வுகளைத் தாளம் தப்பாமல் இயக்கும் டைமிங் பெல்ட் உண்டு. அது ஓட்டத்தில் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும், எஞ்சினைப் பிரிக்க வேண்டும். எண்ணெய் மாற்றுவதை இழுத்தடித்தால் கிராங்க் பேரிங் தேயும் எஞ்சின் அது. விற்பவரிடம் சர்வீஸ் பில் கேட்டு வாங்குங்கள்.

ஈகோஸ்போர்ட் 2013இல் வந்தது, மறைமலை நகரில் செய்தது. ஃபோர்டு 2021 செப்டம்பரில் இந்தியாவில் வண்டி தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்ததும் இதன் விலை இறங்கியது. ஓட்டுவதற்கு மூன்றில் இதுதான் கெட்டி, நாலு வழிச்சாலையில் இதைப் போல உட்கார்ந்து ஓடும் சின்ன வண்டி குறைவு. 1.5 டீசலிலும் டைமிங் பெல்ட்தான், அது சாதாரண உலர் பெல்ட். ஆனால் 1.0 லிட்டர் டர்போ பெட்ரோலிலும், 2017 கடைசியில் வந்த மூன்று சிலிண்டர் 1.5 பெட்ரோலிலும் பெல்ட் எஞ்சின் எண்ணெயிலேயே முங்கி ஓடும். தப்பான எண்ணெய் ஊற்றியிருந்தால் பெல்ட் பொடிப்பொடியாக உதிர்ந்து, எண்ணெய் உறிஞ்சும் சல்லடையை அடைத்துவிடும். சர்வீஸ் பில் இல்லாத அந்த வகை வண்டியைப் பாதி விலைக்குக் கொடுத்தாலும் தொடாதீர்கள். 2017க்கு முந்தைய ஆட்டோமேட்டிக்கும் வேண்டாம். அதில் இருந்த உலர் இரட்டைக் கிளட்ச் நம் ஊர் நெரிசலுக்கு ஆகாது.

பிரெஸ்ஸா 2016இல் வந்தது. 1.3 லிட்டர் டீசல், டைமிங் செயின், பெல்ட் கவலை இல்லை. உதிரிபாகம் உசிலம்பட்டியிலேயே கிடைக்கும், இல்லாவிட்டால் மதுரை பஸ்ஸில் போட்டு அனுப்பச் சொல்லலாம். 2,000 சுற்றுக்குக் கீழே எஞ்சின் தூங்கி வழியும், ஏற்றத்தில் கியரை முன்கூட்டியே இறக்கப் பழக வேண்டும். வேறு பெரிய குறை சொல்ல எனக்கு வரவில்லை. விலைதான் குறையவே மாட்டேன் என்கிறது.

வீட்டிலேயே பராமரிக்க வேண்டும், உசிலம்பட்டியில் இருக்கிறீர்கள் என்பதை வைத்துப் பார்த்தால் பிரெஸ்ஸா முதலில். பில்லோடு வரும் டஸ்டர் கிடைத்தால் அது முந்திக்கொள்ளும். ஆனால் 2013 டஸ்டர் என்றால் 2028இல் 15 வருஷம் முடிந்துவிடும். வண்டியைச் சோதனைக்குக் கொண்டுபோய் ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும், பசுமை வரியும் வரும். 2022 ஏப்ரல் முதல் காருக்குப் புதுப்பிக்கும் கட்டணம் 600இலிருந்து 5,000 ஆக ஏறிவிட்டது. இதைச் சொல்லி விலையைக் குறைக்கச் சொல்லுங்கள்.

சரி, பார்க்கப் போவது. ஒரே வண்டியை இரண்டு தடவை போய்ப் பாருங்கள், காலை ஆறு மணிக்கு ஒரு தடவை, மதியம் ஒரு மணிக்கு ஒரு தடவை. காலையில் போனதும் பேச்சுக் கொடுக்கும் முன் பானெட்டில் கையை வையுங்கள். சூடாக இருந்தால், "இப்பத்தான் டீ குடிக்கப் போயிட்டு வந்தேன்" என்பார்கள். டீக்கடைக்கு யார் காரை எடுத்துக்கொண்டு போகிறார்கள்? இன்னொரு நாள் வருகிறேன் என்று திரும்பி விடுங்கள். ஆறிய எஞ்சின்தான் உண்மை பேசும். முதல் ஸ்டார்ட்டில் நீலப் புகை என்றால் எண்ணெய் எரிகிறது. வெள்ளைப் புகை நிற்காமல் வந்து, கூலன்ட் அளவும் குறைந்திருந்தால் ஹெட் கேஸ்கெட் போயிருக்கும். ஸ்டார்ட் செய்யும் முன்பே கூலன்ட் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள், ஆறிய எஞ்சினில் மட்டும்தான் திறக்க வேண்டும். உள்ளே பச்சையோ சிவப்போ நீலமோ தெளிவாக நிறம் இருக்க வேண்டும். துருத் தண்ணீரோ, டேங்க் சுவரில் வெள்ளைப் படிவமோ இருந்தால் போர்த் தண்ணீர் ஊற்றி ஓட்டிய வண்டி அது.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். நம் பக்கத்து வெயிலுக்கு எஞ்சினைக் காப்பாற்றுவது கூலன்ட்தான், கொல்வதும் அதுவேதான். நானே அனுபவித்திருக்கிறேன். டஸ்டர் வாங்கின முதல் வருஷம், செக்கானூரணி தாண்டி வெப்ப மீட்டர் ஏற ஆரம்பித்தது. ஒரு ஹோஸ் கிளிப் தளர்ந்து ஒழுகியிருந்தது. கிளிப்பை முறுக்கிவிட்டு, பக்கத்துத் தோட்டத்து மோட்டாரில் தண்ணீர் பிடித்து ஊற்றிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன். அவசரத்துக்கு ஊற்றியது தப்பில்லை. அப்படியே மறந்துவிட்டதுதான் தப்பு. பத்து மாதம் கழித்து மே மாதத்தில், ஐந்து பேரும் ஏ.சி.யுமாக ஆண்டிபட்டி கணவாய் ஏறும்போது மீட்டர் சிவப்புக்குப் போய்விட்டது. ரேடியேட்டர் குழாய்களில் பாதி உப்புக் கட்டி அடைத்துக் கிடந்தது, ஹெட் கேஸ்கெட்டும் போயிருந்தது. 38,000 ரூபாய். பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவன் நான், யாரிடமும் போய்க் குறை சொல்ல முடியுமா? இப்போது டிக்கியில் எப்போதும் 2 லிட்டர் டிஸ்டில்டு வாட்டர் கிடக்கும்.

அதனால்தான் மதியம் ஒரு மணி. ஏ.சி.யை முழு வேகத்தில் வைத்து, வண்டியை நின்ற இடத்திலேயே 15 நிமிஷம் ஓடவிடுங்கள். ரேடியேட்டர் விசிறி தானாகப் போட்டு, தானாக நிற்க வேண்டும், வெப்ப மீட்டர் நடுவிலேயே அசையாமல் நிற்க வேண்டும். பிறகு ஓட்டிப் பாருங்கள். உங்களுக்கு வாய்த்த மாதிரி பரிசோதனை ரோடு யாருக்கும் வாய்க்காது, கணவாய் வீட்டு வாசலிலேயே இருக்கிறது. மூன்றாவது கியரில் ஏற்றத்தில் மிதிக்கும்போது எஞ்சின் சத்தம் மட்டும் கூடி வேகம் கூடவில்லை என்றால் கிளட்ச் தேய்ந்துவிட்டது. இறக்கத்தில் பிரேக் பிடித்தால் ஸ்டீயரிங் ஆடுகிறதா, ஒரு பக்கம் இழுக்கிறதா என்று பாருங்கள். வேகத்தடையில் ஒரு சக்கரத்தை மட்டும் மெதுவாக ஏற்றி இறக்கினால் சஸ்பென்ஷனில் தேய்ந்த லிங்க் ராட், லோயர் ஆர்ம் புஷ் எல்லாம் தானே பேசும்.

மீட்டர் காட்டும் கிலோமீட்டரை நம்பாதீர்கள். பிரேக் பெடல் ரப்பரும் ஓட்டுநர் சீட்டின் வெளி ஓரமும் ஸ்டீயரிங் தோலும் தேய்ந்து வழவழவென்று இருந்து, மீட்டர் 48,000 என்று காட்டினால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு எண்கள் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் வருஷம் 23வது வாரம் செய்தது. டயர் 6 வருஷத்துக்கு மேற்பட்டது என்றால் பட்டன் எவ்வளவு இருந்தாலும் மாற்ற வேண்டியதுதான். டிங்கரிங் பார்க்க, ஃப்ரிட்ஜில் ஒட்டும் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிக் கதவு, தூண், கூரை எங்கும் வைத்துப் பாருங்கள். பட்டி கனமாகப் போட்ட இடத்தில் ஒட்டாது. பம்பர் பிளாஸ்டிக், அங்கே வைத்துவிட்டுப் பயப்பட வேண்டாம்.

வெள்ளத்தில் நின்ற வண்டி இன்னும் மோசம். 2015 டிசம்பரில் சென்னை, 2023 டிசம்பரில் மறுபடி சென்னை, அதே மாதம் தூத்துக்குடியும் நெல்லையும். எத்தனை வண்டி முங்கியது என்று எல்லோரும் பார்த்தோம். அவையெல்லாம் எங்கேயோ விற்றுத்தானே ஆக வேண்டும்? சீட் பெல்ட்டைக் கடைசி வரை வெளியே இழுத்துப் பாருங்கள், சேற்றுக் கோடு அங்கே அழியாமல் இருக்கும். சீட் தண்டவாளத் துரு, டிக்கி விரிப்புக்கு அடியில் வண்டல், கண்ணாடியை ஏற்றி வைத்த வண்டியைத் திறந்ததும் வரும் பூஞ்சை வாடை இவற்றையும் பாருங்கள். ஊதுபத்தியும் சென்டும் அளவுக்கு மீறி மணந்தால் அதுவும் ஒரு வாடைதான்.

டெல்லிப் பக்கத்து நம்பர் வண்டி மலிவாகக் கிடைக்கிறது என்று புரோக்கர் சொல்வார். அங்கே 10 வருஷம் தாண்டிய டீசலுக்குத் தடை வந்ததிலிருந்து தெற்கே தள்ளி விடுகிறார்கள். தமிழ்நாட்டில் அந்தத் தடை இல்லை என்பது உண்மை. ஆனால் தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே மறுபடி ஆயுள் வரி கட்டி, நம்பர் மாற்றி முடிக்கும்போது மலிவு போன இடம் தெரியாது. குமுளி தாண்டி வரும் கேரள வண்டிக்கும் இதே கதைதான். மதுரையின் டி.என். 58, 59, 64, இல்லாவிட்டால் தேனியின் 60, திண்டுக்கல்லின் 57 என்று பக்கத்து நம்பராகப் பாருங்கள். பழைய ஓனரை நேரில் போய்ப் பார்க்க முடியும் என்பதே பெரிய லாபம்.

காகிதம் பற்றிச் சுருக்கமாக. அரசின் பரிவாகன் இணையதளத்தில் நம்பரைப் போட்டால் எத்தனையாவது கை, இன்சூரன்ஸ் எதுவரை, கடன் ஏதும் பாக்கியா என்று தெரியும். அபராதச் சலான் பாக்கியையும் பார்த்துவிடுங்கள். பெயர் மாற்ற படிவம் 29, படிவம் 30 இரண்டிலும் கையெழுத்து, கடன் இருந்தால் படிவம் 35ம் வங்கியின் தடையில்லாச் சான்றும். வண்டியைக் கையில் வாங்கும்போது தேதியோடு மணியையும் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். பெயர் மாற்றிய 14 நாளுக்குள் இன்சூரன்ஸையும் உங்கள் பெயருக்கு மாற்ற எழுதிக் கொடுங்கள். நோ கிளெய்ம் போனஸ் வண்டியோடு வராது, அது பழைய ஓனருக்குச் சொந்தம். புரோக்கர் வேறு மாதிரி சொல்வார்.

அப்புறம் வீட்டு வேலை. வாங்கிய வாரமே எஞ்சின் எண்ணெய், கூலன்ட், பிரேக் எண்ணெய், எல்லா ஃபில்டர்கள் என்று மொத்தமாக மாற்றிவிடுங்கள். பழைய ஓனர் "போன மாசம்தான் மாத்துனேன்" என்று சத்தியம் செய்தாலும் சரி. அன்றிலிருந்து உங்கள் கணக்கு தொடங்கும். பெல்ட் வண்டி என்றால் டைமிங் பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப் மூன்றையும் சேர்த்து மாற்றுங்கள். அதை நல்ல மெக்கானிக்கிடம் விடுங்கள், வீட்டில் வேண்டாம். இன்ஜெக்டர், ஏ.சி. கேஸ், ஏர்பேக் வயரிங் இவையும் வீட்டு வேலை அல்ல.

எண்ணெய் மாற்றுவது, ஏர் ஃபில்டர், கேபின் ஃபில்டர், டீசல் ஃபில்டர், பிரேக் பேட், பேட்டரி, வைப்பர், பல்பு இவை வீட்டில் தாராளமாகச் செய்யலாம். கையேட்டில் 10,000 கிலோமீட்டர் என்று போட்டிருந்தாலும் நம் புழுதிக்கும் குட்டி ஓட்டத்துக்கும் நான் 7,500இல் மாற்றி விடுகிறேன். ஓடாவிட்டாலும் வருஷம் ஒருமுறை. டிரெயின் நட்டைப் பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்காதீர்கள். ஒரு பட்டறையில் அப்படி முறுக்கிக் கொடுத்ததில் மரை போய், நான் எஞ்சினுக்கு அடியில் எண்ணெய் நிற்கும் சம்ப்பையே மாற்ற வேண்டி வந்தது. சரியான அளவுக்கு மட்டும் முறுக்க உதவும் டார்க் ரெஞ்ச் ஒன்று வாங்கிவிடுங்கள், ஒருமுறைச் செலவுதான். கழித்த எண்ணெயை வரப்பிலோ வாய்க்காலிலோ ஊற்றாமல் கேனில் பிடித்து, கழிவு எண்ணெய் எடுக்கும் பட்டறையில் கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகவே கூடாது, இரும்பு ஸ்டாண்டு இரண்டு வேண்டும். கரிசல் மண்ணில் ஜாக்கி இறங்கும், அடியில் கனமான பலகை போட்டாலும் நம்ப முடியாது. சிமென்ட் தரைதான்.

கரிசல் இன்னொன்றும் செய்யும். மழைக்காலத்தில் ரிம்முக்கு உள்பக்கம் சேறு அப்பிக் காய்ந்து கல்லாகிவிடும். மறுநாள் நாலு வழிச்சாலையில் 80ஐத் தொட்டதும் ஸ்டீயரிங் நடுங்கும். வீல் பேலன்சிங் போய்விட்டது என்று கடைக்கு ஓடுவதற்கு முன் ஒரு குச்சியால் குத்தி எடுத்துப் பாருங்கள். சீமைக் கருவேல முள் டயரின் பக்கவாட்டில் ஏறினால் பஞ்சர் போட முடியாது, டயரையே மாற்ற வேண்டியதுதான். அதனால் வேலி ஓரமாக ஒதுக்கி நிறுத்தாதீர்கள். வருஷத்துக்கு இரண்டு முறை, சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்ட்டின் ரப்பர் பூட் கிழிந்திருக்கிறதா பாருங்கள். பூட் சில நூறு ரூபாய், கிழிந்த இடத்தில் மண் போனால் ஷாஃப்ட் பல ஆயிரம்.

தோட்டத்துக்குப் போய்வரும் வண்டி என்றால் எலியைச் சொல்லாமல் விட முடியாது. புகையிலை, நாப்தலின் உருண்டை, ஸ்பிரே எல்லாம் நானும் போட்டுப் பார்த்தேன், ஒரு வாரம் மரியாதை கொடுக்கும், பிறகு பழகிவிடும். எனக்குக் கைகொடுத்தது, ராத்திரி பானெட்டைத் திறந்தே வைப்பதும், வண்டியை மூன்று நாளுக்கு மேல் ஓடாமல் விடாததும்தான். வெளிச்சமும் ஆள் அரவமும் அதற்குப் பிடிப்பதில்லை. வேப்ப மரத்தடி நிழல் சுகம்தான், ஆனால் வைப்பருக்கு அடியில் உள்ள தண்ணீர் வடியும் துளைகளில் இலை அடைத்துக்கொள்ளும். ஐப்பசி மழைக்கு முன் அதைச் சுத்தம் செய்யாவிட்டால் தண்ணீர் உள்ளே கால்மிதியில் வந்து நிற்கும், அப்புறம் வயரிங்.

கடைசியாக, வண்டியின் கணினியில் பதிவான கோளாறுகளைப் படித்துக் காட்டும் ஒரு சின்ன ஓ.பி.டி. ரீடர் வாங்கிக்கொள்ளுங்கள், ஆயிரம் ரூபாய்க்குள் வரும், போனில் பார்க்கலாம். வாங்கப்போகும் வண்டியிலேயே முதலில் சொருகிப் பாருங்கள். கோளாறு எதுவும் பதிவாகவில்லை என்று காட்டினால், யாராவது காலையில்தான் அழித்தார்களா என்று அதே கருவி சொல்லும். அழித்தால், வண்டி தானே செய்துகொள்ளும் சுயபரிசோதனைகள் இன்னும் முடியவில்லை என்று காட்டும்.

மூன்று வண்டியில் ஒன்றை முடிவு செய்துவிட்டால் சொல்லுங்கள், நான் பார்க்கிறேன். திருநகருக்குக் கொண்டுவர வேண்டாம், இங்கே வந்து சேர்வதற்குள் எஞ்சின் சூடாகிவிடும். நானே வருகிறேன். காலை ஆறு மணிக்கு உங்கள் பஸ் ஸ்டாண்டில் டீக்கடை திறந்திருக்குமா?